சீறும் தெருக்குட்டியை மடிக்குக் கொண்டுவருவது எப்படி?

வளசரவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டுக்குக் கீழே, ஈபி மீட்டர் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பூனை நான்கு குட்டி போட்டது. மூன்றை யார் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். மிஞ்சிய ஒன்று, வெள்ளை உடம்பில் மிளகு தூவியதுபோலப் புள்ளி, யார் குனிந்து பார்த்தாலும் சீறும். தாயும் ஒருநாள் வராமல் போனது. அதை நான் வீட்டுக்குள் கொண்டுவந்தபோது அதற்கு ஒன்பது வாரம் இருக்கும்.

முதல் ஐந்து நாளில் நான் செய்த எல்லாமே தப்பு. வெறுங்கையால் பிடித்தேன், பால் வைத்தேன், வீடு முழுக்கத் திறந்துவிட்டேன், மூலையில் ஒளிந்ததை இழுத்து மடியில் வைத்துக் கொஞ்சினேன். பலன்: எனக்கு நான்கு ஊசி, அதற்கு வயிற்றுப்போக்கு, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒன்றரை நாள் வாசம். ஆறாம் நாளிலிருந்துதான் ஒழுங்கான முறைக்கு வந்தேன். ஏழு வாரத்தில் அந்தக் குட்டி, மிளகு என்று பெயர் வைத்திருந்தேன், தானாக மடிக்கு வந்தது. அந்த ஐந்து நாள் உங்களுக்கு வேண்டாம் என்பதால் இது.

1. முதலில் வயதைக் கணக்கிடுங்கள்

எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதை வயதுதான் தீர்மானிக்கும். பூனைக்குட்டி மனிதர்களை எளிதாக ஏற்றுக்கொள்ளும் காலம் பிறந்து 2 முதல் 7 வாரம் வரை. அதற்குள் கிடைத்தால் சில நாளிலேயே ஒட்டிக்கொள்ளும். 8 முதல் 12 வாரக் குட்டிக்குப் பல வாரம் ஆகும். நான்கு மாதம் தாண்டிய, மனிதக் கையே படாத குட்டி என்றால் மாதக்கணக்கில் ஆகலாம். சில கடைசிவரை மடிக்கு வராது. அப்படிப்பட்டதைக் கருத்தடை செய்து, இருந்த இடத்திலேயே விட்டுச் சோறு வைப்பதுதான் அதற்கும் நல்லது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒழுங்காகச் சாப்பிடும் குட்டி மாதத்துக்கு ஏறக்குறைய 450 கிராம் ஏறும். இரண்டு மாதத்தில் 800, 900 கிராம் இருக்கும். தெருக்குட்டி இளைத்திருக்கும் என்பதால் கண்ணையும் பாருங்கள். ஆறு, ஏழு வாரம் வரை எல்லாக் குட்டிக்கும் கண் நீலம் பாய்ந்திருக்கும். பிறகுதான் மஞ்சளோ பச்சையோ தெரியத் தொடங்கும்.

நான்கு வாரத்துக்கும் குறைவான குட்டிக்குப் புட்டிப்பால் வேண்டும். அது வேறு வேலை, இந்த வழிமுறை அதற்குப் பொருந்தாது. தாய் பக்கத்தில் இருக்கிறதா என்று சில மணிநேரமாவது தள்ளி நின்று பாருங்கள். இரை தேடப் போயிருக்கும் தாயை "விட்டுட்டுப் போயிடுச்சு" என்று நினைத்துக் குட்டியைத் தூக்கிவிடுகிறவர்கள் அதிகம்.

2. பிடிப்பதற்கு முன்பே வாங்கி வையுங்கள்

குட்டி வீட்டுக்குள் வந்தபிறகு கடைக்கு ஓடாதீர்கள். எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்.

மேலேயும் திறக்கும் பூனைக்கூடை 1,200 ரூபாய். முன்பக்கம் மட்டும் திறக்கும் கூடை விலை குறைவு, ஆனால் டாக்டர் மேசையில் குட்டியை வெளியே இழுக்கவேண்டி வரும். இத்தனை நாள் சேர்த்த நம்பிக்கை அங்கேயே போய்விடும். பூனை வெளிக்குப் போவதற்கான, மண் மாதிரியான 'லிட்டர்' 5 கிலோ 350 ரூபாய். குட்டி அதைத் தின்கிறதா என்று முதல் சில நாள் கவனியுங்கள். தண்ணீர் பட்டால் கட்டியாகும் வகையைத் தின்றால் ஆபத்து. தின்னும் பழக்கம் போகும்வரை கிழித்த செய்தித்தாளோ சலித்த மணலோ போதும். லிட்டர் போடும் தட்டுக்குத் தனியாகக் காசு கொடுக்கவேண்டாம், விளிம்பு உயரம் குறைந்த பழைய பிளாஸ்டிக் டப் போதும். குட்டிகளுக்கான ஈர உணவுப் பாக்கெட் ஒன்று 45 ரூபாய், பத்து வாங்குங்கள். காபி கலக்கும் நீளமான ஸ்பூன் ஒன்று, பழைய டூத் பிரஷ் ஒன்று, பழைய துண்டு இரண்டு. இவை மூன்றும்தான் முக்கியமான கருவிகள், மூன்றும் வீட்டிலேயே இருக்கும்.

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள். வாய்வார்த்தையாக "பரவால்லம்மா" என்றவர் மூன்று மாதம் கழித்து "நான் எப்போ சொன்னேன்?" என்பார்.

நாள் பார்ப்பதும் உண்டு, பஞ்சாங்கம் அல்ல. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரத்தில் பிடிக்காதீர்கள். முதல் பத்து நாள் நீங்கள் வீட்டில் இருப்பது உறுதியான நேரமாகப் பாருங்கள்.

3. வெறுங்கையால் பிடிக்காதீர்கள்

கூடையைக் குட்டி ஒளியும் இடத்துக்குப் பக்கத்தில் திறந்து வையுங்கள். முதல் நாள் வாசலில் உணவு, மறுநாள் கொஞ்சம் உள்ளே, மூன்றாம் நாள் கடைசியில். கதவில் ஒரு கயிற்றைக் கட்டித் தூரத்தில் இருந்து இழுத்து மூடலாம். மணம் தூக்கலாக இருக்கவேண்டும்; வேகவைத்த மத்தி வைக்கலாம். மூடியதும் துண்டைப் போட்டுக் கூடையை மூடிவிடுங்கள். இருட்டில் சீக்கிரம் அடங்கும்.

4. கீறினால், கடித்தால்

"குட்டிதானே, பூனைதானே" என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ஊசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை (முதல் ஊசி போடும் நாள்தான் 0). ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் வேண்டியிருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டர் தரும் சீட்டைத் தொலைக்காதீர்கள்; ஒவ்வொரு முறையும் அதைத்தான் கேட்பார்கள். நான் இரண்டாவது ஊசிக்குச் சீட்டில்லாமல் போய் மறுபடி வரிசையில் நின்றேன்.

5. ஒரே ஓர் அறை

வீடு முழுக்கத் திறந்துவிட்டால் குட்டிக்குச் சுதந்திரம் கிடைக்காது, ஒளிய நூறு இடம் கிடைக்கும். பயந்த குட்டிக்கு உலகம் சின்னதாக இருக்கவேண்டும். சின்ன படுக்கையறை நல்லது. இல்லையென்றால் குளியலறையும் ஆகும், ஆனால் பக்கெட்டில் தண்ணீர் விடாதீர்கள், டாய்லெட் மூடியை மூடுங்கள், சாக்கடை ஓட்டையை அடையுங்கள்.

அறையில் குட்டி புகக்கூடிய, நம் கை எட்டாத சந்து எதுவும் இருக்கக்கூடாது. பீரோவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில் துணி மூட்டைகளை வைத்து அடையுங்கள். பதிலுக்கு நீங்களே ஓர் ஒளிவிடம் கொடுங்கள்: கவிழ்த்த அட்டைப்பெட்டி, பக்கத்தில் ஒரு வாசல் வெட்டி, உள்ளே நீங்கள் உடுத்திய பழைய பனியனோ சேலைத் துண்டோ. பெட்டி ஒரு மூலை, உணவு ஒரு மூலை, லிட்டர் எதிர்மூலை. சோறு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பூனை வெளிக்குப் போகாது.

பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். பினாயில், டெட்டால் வகையறா பூனையின் பாதத்தில் ஒட்டி, அது நக்கும்போது வயிற்றுக்குள் போகும். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. பாராசிட்டமால் ஒரு துண்டு போதும், பூனை செத்துப்போகும். "லேசா ஜுரம் மாதிரி இருக்கு" என்று பாதி மாத்திரை கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்தும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. பூ கட்டும் நார், தையல் நூல், ரப்பர் பேண்ட் மூன்றையும் எடுத்து உள்ளே வையுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கி அறுவைச் சிகிச்சை வரை போகும்.

ஏற்கெனவே வீட்டில் பூனை இருந்தால் இரண்டு வாரமாவது இரண்டும் சந்திக்கக்கூடாது. தட்டு, துணி எதுவும் பொதுவாக இருக்கக்கூடாது.

6. முதல் மூன்று நாள்: சும்மா இருங்கள்

இதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. சோறு வை, லிட்டர் அள்ளு, வெளியே வா. தேடாதீர்கள், எட்டிப் பார்க்காதீர்கள். பெட்டிக்குள்ளிருந்து சீறினால் அது கோபம் இல்லை, பயம். "கிட்ட வராதே" என்று கெஞ்சுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் சாயங்காலத்திலிருந்து தினமும் இரண்டு முறை, அரைமணி நேரம் தரையில் உட்காருங்கள். நாற்காலி வேண்டாம், நின்றால் நாம் அதற்குத் தென்னைமரம். குட்டிக்கு முதுகோ பக்கவாட்டோ காட்டி உட்கார்ந்து, தணிந்த குரலில் எதையாவது படியுங்கள். நான் மளிகைக் கணக்கையும் ஆபீஸ் மெயிலையும் படித்தேன். நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காதீர்கள். கண்ணில் கண் பட்டால் மெதுவாக மூடி மெதுவாகத் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் சோதித்துப் பார்த்தார்கள்: மெதுவாகக் கண் சிமிட்டியவரிடம் பூனைகளும் திருப்பிச் சிமிட்டின, தெரியாத ஆளாக இருந்தாலும் கிட்ட வந்தன. மிளகு திருப்பிச் சிமிட்டியது ஒன்பதாம் நாள். நான் மூச்சுகூட விடவில்லை.

ஒரு எச்சரிக்கை: பயத்தில் சாப்பிடாமல் இருக்கலாம். ஆனால் 24 மணிநேரம் ஒன்றுமே தொடவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். குட்டி உடம்பு பட்டினி தாங்காது.

7. சோறும் டைல் கணக்கும்

முதலில் எதைக் கொடுப்பது என்று சொல்லிவிடுகிறேன். பசும்பால் கூடாது. பால் குடி மறந்த பூனைகளில் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிறு போகும். குட்டிக்கு வயிறு போனால் உடம்பில் நீர் வற்ற ஒருநாள் போதும். தயிர்சாதத்தில் வளர்ந்த பூனை எல்லார் வீட்டிலும் இருந்ததுதான். அது வெளியே எலியும் பல்லியும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. குட்டிகளுக்கான பூனை உணவு, அதோடு உப்பு, வெங்காயம், பூண்டு படாமல் வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன். நாய் உணவு கொடுக்காதீர்கள். பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் சத்து அதில் போதாது. ஒருநாளைக்கு நான்கு வேளை, நேரம் மாறாமல்.

இனி முறை. எங்கள் வீட்டில் தரை டைல் இரண்டடிக்கு இரண்டடி. அந்த டைல்தான் என் அளவுகோல். தட்டை நான் உட்காரும் இடத்திலிருந்து நான்கு டைல் தள்ளி வைத்தேன். குட்டி வந்து சாப்பிடும்வரை அசையவில்லை. இரண்டு நாள் பயமில்லாமல் சாப்பிட்டால் ஒரு டைல் கிட்டே. சாப்பிடும்போது நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு டைல் பின்னுக்குப் போங்கள். காலண்டரில் குறித்து வைத்தேன்: நான்கு, நான்கு, மூன்று, மூன்று, நான்கு, மூன்று, இரண்டு... அந்த நடுவில் வரும் நான்கு, பக்கத்து வீட்டில் துளையிடும் மெஷின் ஓட்டிய நாள்.

ஒரு டைல் தூரம் வந்தபிறகு ஸ்பூன். நுனியில் கொஞ்சம் ஈர உணவைத் தடவி, கையை நீட்டி, தரையோடு தரையாக வையுங்கள். முதல் நாள் கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராக, ஒரே நக்கு. ஸ்பூனை அதை நோக்கி நகர்த்தாதீர்கள். இடைவெளியைக் குறைப்பது அதன் வேலை. நாம் ஒரு அங்குலம் நகர்ந்தால் அது இரண்டு டைல் போகும். ஒவ்வொரு நாளும் ஸ்பூனைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்து வந்தால், ஒரு வாரத்தில் உணவு உங்கள் விரல் நுனியில் இருக்கும். விரலிலிருந்து நக்கும்போது அந்த நாக்கு உப்புத்தாள் மாதிரி இருக்கும். கையை இழுத்துவிடாதீர்கள்.

பசியை ஆயுதமாக்கச் சொல்லவில்லை. நீங்கள் இருக்கும்போது நல்ல தீனி, நீங்கள் இல்லாதபோது சாதாரணத் தீனி, அவ்வளவுதான்.

8. தொடுவது

கைக்கு முன்னால் டூத் பிரஷ். ஈரமில்லாத, புது பேஸ்ட் வாசனை இல்லாத பழைய பிரஷ். தாய் நக்குவதும் அப்படித்தான் சொரசொரவென்று இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கன்னத்தில், காதுக்குப் பின்னால் இரண்டு தடவு, நிறுத்து. தலைக்கு மேலேயிருந்து கையைக் கொண்டுவராதீர்கள், பருந்து அப்படித்தான் வரும். வயிறு, வால், பாதம் பக்கம் போகவேண்டாம். பிரஷுக்குக் கழுத்தைச் சாய்த்துக் கொடுக்க ஆரம்பித்தால், பிரஷோடு ஒரு விரலும் சேரட்டும். பிறகு விரல் மட்டும்.

வால் விசிறினால், காது பக்கவாட்டில் படுத்தால், முதுகுத்தோல் துடித்தால் போதும் என்று பொருள். அதுவாக விலகும்முன் நீங்களே நிறுத்துங்கள். குர்ரென்று ஓசை வந்தால் சந்தோஷம்தான், ஆனால் பயத்திலும் வலியிலும்கூடப் பூனை குர்குர் என்னும். உடம்பு தளர்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நிஜமான அடையாளம், தானாக வந்து உங்கள் முழங்காலில் தலையை முட்டுவது.

விளையாட்டுக்குக் குச்சியில் கட்டிய துணி. உங்கள் விரலை விளையாட்டுச் சாமான் ஆக்காதீர்கள், வளர்ந்தபிறகு அந்தப் பழக்கம் போகாது. வெட்கப்படும் குட்டி விளையாட்டு மும்முரத்தில் உங்கள் மடிமேல் ஏறி ஓடிவிடும். மிளகு முதல்முறை மடிக்கு வந்தது அப்படித்தான், கவனிக்காமல்.

கையில் வட்டமாக அரிக்கும் தடிப்பு வந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், குட்டியிடமிருந்து வந்திருக்கும். எனக்கு மணிக்கட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் வந்தது. இருவருக்கும் மருந்து போடவேண்டும். கர்ப்பிணி வீட்டில் இருந்தால் லிட்டர் அள்ளும் வேலையை வேறு யாராவது செய்யுங்கள்.

9. டாக்டர், ஊசி, காகிதம்

குட்டி சோர்வாக இல்லை, சாப்பிடுகிறது என்றால் முதல் வாரக் கடைசியில் கூட்டிப்போகலாம். கூடையை வந்த நாளிலிருந்தே அறையில் திறந்து வைத்திருங்கள், அதற்குள்ளும் சோறு வையுங்கள். கிளம்பும்போது மட்டும் கூடையைக் காட்டினால் அடுத்தமுறை பிடிபடாது.

பூச்சிமருந்து எடைக்குத் தகுந்த அளவில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்வரை. கையில் அடங்காத குட்டியைக் கூடையோடு எடைபோட்டு, கூடை எடையைக் கழியுங்கள். 8 வார வயதிலிருந்து மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ("ட்ரைகேட்" என்றால் தெரியும்), மூன்று நான்கு வார இடைவெளியில் மறுபடியும். கடைசித் தவணை 16 வாரத்தை ஒட்டி வரும்படி டாக்டர் கணக்கிடுவார். 12 வாரத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. எங்கள் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் கூட்டு ஊசி ஒருமுறைக்கு 900, வெறிநோய் ஊசி 300, பார்க்கும் கட்டணம் 400. கையில் காசு குறைவென்றால் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செலவு மிகக் குறைவு, கூட்டம் அதிகம். நாய்களுக்கு நடுவில் உட்காராமல், கூடையைத் துண்டால் மூடி மடியில் வையுங்கள். தரையில் வைக்காதீர்கள்.

ஊசிப் புத்தகத்தில் ஸ்டிக்கர், தேதி, டாக்டரின் கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். எனக்கு முத்திரை விட்டுப்போய் மறுபடி ஒருநடை. சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்துக்கு நான் இணையத்தில் விண்ணப்பித்தபோது வெறிநோய் ஊசிச் சான்று, முகவரிச் சான்று, என் படம், பூனையின் படம் கேட்டார்கள். நான் கட்டியது 50 ரூபாய். சீட்டைப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், அடுக்குமாடிச் சங்கத்தில் யாராவது கேட்டால் பேச்சு அங்கேயே முடியும்.

10. மற்ற அறைகள், மற்ற மனிதர்கள்

உங்கள் கையில் சாப்பிட்டு, வாலை உயர்த்தி வரவேற்கும் குட்டிக்குத்தான் கதவைத் திறக்கலாம். ஒருநாளைக்கு ஓர் அறை, ஓடி ஒளிய பழைய அறையின் கதவு எப்போதும் திறந்தபடி. பால்கனிக்கு முதலில் வலை போடுங்கள். புறாவுக்குப் போடும் நைலான் வலையைப் பூனை கடித்துவிடும். கம்பி வலை செலவு கூடுதல்தான், மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த குட்டியின் எலும்பு முறிவைவிடக் குறைவு. வாஷிங் மெஷினைப் போடுமுன் உள்ளேயும் பின்னாலேயும் ஒரு தடவை பாருங்கள்.

வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக நம்பிக்கை சம்பாதிக்கவேண்டும். என்னிடம் மடிக்கு வந்த மிளகு, என் கணவரைக் கண்டால் இன்னொரு மாதம் ஓடியது. அவருக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்து நான்கு டைல் தள்ளி உட்காரவைத்தேன். விருந்தினர் வந்தால் குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டாதீர்கள். "எங்கே உங்க பூனை, பார்க்கவே முடியலையே" என்பார்கள். சிரித்துவிட்டுக் காபி கொடுங்கள்.

11. கருத்தடை, அதன்பிறகு

"ஆறு மாசம் ஆகட்டும்" என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் பலர். பெட்டைக்குட்டி நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். நான்காம் மாதத்தில் டாக்டரிடம் தேதி கேளுங்கள். இரண்டு கிலோ எட்டியிருந்தால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள். எனக்குத் தனியாரில் 5,500 ரூபாய் ஆனது, ஆணுக்கு இதைவிடக் குறைவு. எத்தனை மணியிலிருந்து சோறு நிறுத்தவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், குட்டிகளுக்கு அந்த நேரம் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் பழைய அறை, பழைய அட்டைப்பெட்டி. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு. ஆஸ்பத்திரி வாசனையோடு வந்த மிளகு, மூன்று மாதம் மடியில் தூங்கிய பூனை, என்னைப் பார்த்துச் சீறியது. அழுகை வந்துவிட்டது. அன்று ராத்திரி ஸ்பூனை எடுத்துக்கொண்டு இரண்டு டைல் தள்ளி உட்கார்ந்தேன். நான்காம் நாள் கூம்போடு வந்து முழங்காலில் முட்டியது, பிளாஸ்டிக் விளிம்பு எலும்பில் இடித்தது. தையல் பிரிக்கப் பத்து நாள் கழித்து வரச் சொல்வார்கள். அதற்கும் அந்த ஊசிப் புத்தகத்தை எடுத்துப் போங்கள்.